தேயிலை மலையில் பறவை ஆய்வு: புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்த ஒரு மாணவி என்னைத் தேடி வந்தாள். "சேர், வெப்பமண்டலப் பறவைகள் எப்படி இத்தனை வகையாகப் பிரிந்தன என்று ஆராய்கிற பேராசிரியர்மார் இருக்கிறார்களாமே, அந்த வேலைக்கு எப்படிப் போவது?" என்று கேட்டாள். உயிரியல் படித்தால் டொக்டர், அது கிடைக்காவிட்டால் டீச்சர் என்று இரண்டு கதவுதான் எங்கள் தோட்டப்புறத்தில் தெரியும். மூன்றாவது கதவை ஒரு பிள்ளை தானாகத் தட்டியதில் எனக்குப் பெரிய சந்தோஷம். அன்று அவளிடம் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. கெம்பஸ் போகும்வரை காத்திருக்க வேண்டாம். கூர்ப்பையும் பல்வகைமையையும் ஆராய்கிறவர்கள் (தமிழகத்தில் கூர்ப்பைப் பரிணாமம் என்பார்கள்) ஆய்வுகூடத்தில் செய்கிற வேலைக்குப் பணமும் கருவியும் வேண்டும். ஆனால் அவர்கள் வெளியில் இறங்கிக் கேட்கிற கேள்விக்கு எதுவும் வேண்டாம்: இந்தப் பறவை ஏன் இங்கே இருக்கிறது, ஏன் இரண்டு மைல் கீழே இல்லை? இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு நடந்தால் போதும். அதைக் கேட்க இலங்கையின் மலையகத்தைவிட வசதியான இடம் எனக்குத் தெரியவில்லை.

சரிவு ஒன்று போதும்

புதிதாகத் தொடங்குகிறவர்கள் எல்லோரும் ஊர் ஊராகப் போக நினைப்பார்கள். இன்றைக்கு ஹக்கலை, நாளைக்கு ஹோர்ட்டன் சமவெளி, அடுத்த வாரம் நக்கிள்ஸ். பெயர்ப்பட்டியல் நீளும், கேள்வி மட்டும் தொடங்கின இடத்திலேயே நிற்கும். நானும் அப்படித்தான் அலைந்தேன். அறுபது பெயர் சேர்ந்ததும் ஒரு விரிவுரையாளரிடம் பெருமையாகக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் பெயர்களைப் பார்க்கவே இல்லை. "எந்த உயரத்தில்? எத்தனை மணிக்கு? போய்ப் பார்த்தும் காணாத நாள் எத்தனை?" என்று கேட்டார். என்னிடம் ஒன்றுக்கும் பதில் இல்லை.

ஆகவே உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஏறி இறங்கக்கூடிய ஒரு சரிவை எடுத்துக்கொள்ளுங்கள். லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) பின்னாலிருந்து உச்சிவரை போகிற கொழுந்துப் பாதையே போதும். உயரம்தான் முக்கியம். ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ ஆறரைப் பாகை இறங்குகிறது. அதோடு மழையும் மூட்டமும் மரங்களும் மாறுகின்றன, பறவையும் மாறுகிறது. கண்டி கிட்டத்தட்ட 500 மீற்றர், ஹட்டன் 1250, நானுஓயா 1600, பட்டிப்பொல 1900. பட்டிப்பொல நிலையத்தில் 6226 அடி என்று பெரிய பலகையே வைத்திருக்கிறார்கள். மலைநாட்டு ரயில் பாதையை ஒரு பெரிய அளவுகோல் என்று நினைத்துக்கொள்ளுங்கள். கையில் காசு சேர்ந்தால் ஒரு நிலையத்தில் இறங்கி இரண்டு மணிநேரம் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம். மண்சரிவுக் காலத்தில் பாதை மூடிக் கிடக்கும், விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள்.

சரிவைத் தேர்ந்தெடுக்கும்போது அதில் என்னென்ன இருக்கிறது என்று ஒரு கைப்படம் கீறிக்கொள்ளுங்கள். தேயிலை, அதற்குள் நிற்கிற சவுக்கு (சில்வர் ஓக்) மரம், வீட்டுத் தோட்டம், மரக்கறிப் பாத்தி, டர்பன்டைன் (யூகலிப்டஸ்) காடு, ஆற்றோரத்தில் வெட்டாமல் விட்ட காட்டுத் துண்டு. கடைசியில் சொன்னது உங்கள் சரிவில் இருந்தால் அதிர்ஷ்டம்தான். 5000 அடிக்கு மேலே உள்ள காட்டைத் தொடக்கூடாது என்று ஆங்கிலேயர் காலத்தில் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் ஆலோசனை சொன்னதால்தான் உச்சிக்காடுகள் கோப்பிக்கும் தேயிலைக்கும் முழுதாகப் பலியாகவில்லை. அதற்குக் கீழே மிஞ்சியது பெரும்பாலும் ஓடையோரத் துண்டுகள்தான்.

கையில் என்ன வேண்டும்

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் கருவி பற்றிப் பேசிப் பேசியே பலர் காலம் போக்குகிறார்கள். தொலைநோக்கி வாங்குவதானால் 8x42 என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். எட்டு என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, 42 என்பது முன்கண்ணாடியின் விட்டம் மில்லிமீற்றரில். சந்தையில் மலிவாக விற்கிற, இழுத்துப் பெரிதாக்குகிற 'சூம்' வகை வேண்டவே வேண்டாம். மூட்டத்தில் ஒன்றும் தெரியாது. நான் முதல் சம்பளத்தில் வாங்கியது அதைத்தான், மூன்றாம் மாதம் கண்ணாடிக்குள் பூஞ்சணம் பிடித்தது. மலைநாட்டு ஈரத்துக்கு எந்தத் தொலைநோக்கியையும் இறுகிய டப்பாவில், சப்பாத்துப் பெட்டியில் வருகிற அந்தச் சிறு சிலிக்கா பொட்டலங்களோடு வைத்திருக்க வேண்டும்.

தொலைநோக்கி இல்லையா, பரவாயில்லை. முதல் ஆறு மாதம் காதும் கொப்பியும் போதும். கொப்பியில் பென்சிலால் எழுதுங்கள், தூறலில் பேனா மை கரையும். போனில் உயரம் காட்டுகிற செயலி ஒன்றும், பறவைக் குரலைக் கேட்டுப் பெயர் சொல்கிற மேர்லின் செயலியும் போட்டுக்கொள்ளலாம், இரண்டும் இலவசம். மேர்லின் சொல்வதை மட்டும் வேதவாக்காக எடுக்க வேண்டாம். அது பெயர் சொன்னால் நீங்கள் தேடிப் போய்க் கண்ணால் பார்த்து உறுதிப்படுத்துங்கள். அட்டைக்கு நீண்ட காலுறையைக் காற்சட்டைக்கு மேலே இழுத்துவிடுங்கள். சவர்க்காரம் பூசுவது எங்கள் அம்மாமார் காலத்து வழி, கொஞ்சம் உதவும்.

நின்று எண்ணுவது

இதுதான் இந்தக் கட்டுரையின் முதுகெலும்பு, ஆறுதலாக வாசியுங்கள்.

உங்கள் பாதையில் கீழிருந்து மேலாக ஐந்து இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் 200 மீற்றராவது இருக்கட்டும், இல்லாவிட்டால் ஒரே பறவையை இரண்டு தரம் எண்ணிவிடுவீர்கள். விடிந்ததும் புறப்பட்டு ஒவ்வொரு இடத்திலும் பத்து நிமிடம் அசையாமல் நில்லுங்கள். முதல் ஓரிரு நிமிடம் எதையும் எழுத வேண்டாம், நீங்கள் நடந்து வந்த சத்தம் அடங்கட்டும். பிறகு சுமார் 50 மீற்றர் வட்டத்துக்குள் கண்டதையும் கேட்டதையும் எழுதுங்கள். தலைக்கு மேலே பறந்து போனதைத் தனியாகக் குறியுங்கள், அது அந்த இடத்துப் பறவை என்று சொல்ல முடியாது. ஒன்பது மணிக்குள் வேலையை முடித்துவிடுங்கள். அதற்குப் பிறகு பறவைகளும் அடங்கிவிடும், பாதையில் ஆட்களும் கூடிவிடுவார்கள்.

கொப்பியில் ஒரு வரி இப்படி இருக்கும்: "காலை 6.40, மூன்றாம் இடம், 1310 மீற்றர், மூட்டம், காற்று இல்லை. முள்முருங்கைப் பூவில் வெள்ளைக்கண்ணி 7. வாலடி சிவந்த கொண்டைக்குருவி 2. மஞ்சள் காதுக் கொண்டைக்குருவி இல்லை."

அந்த 'இல்லை'யைக் கவனித்தீர்களா? தொடங்குகிறவர்கள் எல்லோரும் விட்டுவிடுவது அதைத்தான். கண்டதை மட்டும் எழுதினால், காணாதது இல்லாததாலா நீங்கள் போகாததாலா என்று பின்னால் பார்க்கிறவருக்குத் தெரியாது. ஒரு பறவை எந்த உயரத்தில் நின்றுபோகிறது என்ற எல்லைக்கோட்டை 'இருக்கிறது'ம் 'இல்லை'யும் சேர்ந்துதான் போடும்.

எடுத்துக்காட்டாக, நான் சொன்ன மஞ்சள் காதுக் கொண்டைக்குருவியை எடுங்கள். கறுப்புத் தலை, கன்னத்தில் மஞ்சள் குஞ்சம், பார்த்தால் மறக்காது. இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லை. ஹக்கலைப் பூங்காவில் மனிதரைப் பார்த்துப் பயப்படாமல் அருகில் வரும். ஆனால் ஏறத்தாழ 1000 மீற்றருக்குக் கீழே அரிது. வாலடி சிவந்த சாதாரணக் கொண்டைக்குருவியோ கடற்கரையிலிருந்து மலைவரை எங்கும் உண்டு. இரண்டும் பழம் தின்கின்றன, இரண்டும் உங்கள் கொய்யா மரத்துக்கு வரலாம். அப்படியென்றால் ஒன்றை மட்டும் மலையில் கட்டிவைத்திருப்பது எது? குளிரா, காட்டுப் பழமா, மற்றதன் போட்டியா? ஒரு வருடத்துக்கு மாதம் இரண்டு தடவை எண்ணிய கொப்பி இருந்தால் இந்தக் கேள்வியை நீங்கள் ஆதாரத்தோடு கேட்கலாம். இல்லாவிட்டால் அது வெறும் பேச்சு.

மாதம் இரண்டு தடவை என்பதைக் குறைக்காதீர்கள். ஹட்டன் பக்கம் மே மாதத்திலிருந்து தென்மேல் பருவமழை பிய்த்து எடுக்கும், அப்போது ஊவாப் பக்கம் வெயில் காயும். வருடக் கடைசியில் நிலைமை தலைகீழ். பறவைகளும் பழம் பழுக்கிற பக்கமாக இடம் மாறுகின்றன. இலங்கைக் காட்டுப்புறா இதில் பெரிய ஊர்சுற்றி. ஒரு மாதம் மரம் நிறைய இருக்கும், அடுத்த மாதம் ஒன்றுமே இருக்காது. ஒரே பருவத்தில் மட்டும் எண்ணினால் ஏமாந்துபோவீர்கள்.

காது

கொழுந்து எடுக்கிற பெண்களிடம் கேட்டுப் பாருங்கள். நிமிர்ந்து பார்க்க நேரமில்லாதவர்கள், பறவைகளைக் குரலால்தான் அறிவார்கள். எங்கள் மலையில் ஒரு பெரியம்மா, "ஆறுமணிக்குருவி கத்திருச்சு, பெரட்டுக்கு நேரமாச்சு" என்பார் (பெரட்டு என்பது காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுப்பது). அந்தக் குருவி விடியலிலும் அந்தியிலும் ஆறு மணியை ஒட்டிக் கூப்பிடும், பெயரே அதிலிருந்து வந்ததுதான். நான் அதை முதல்முதலில் கண்ணால் கண்டதற்கு முன் நாலு வருடம் காதால் கேட்டிருக்கிறேன்.

காதின் மதிப்புக்கு இலங்கையிலேயே பெரிய சாட்சி இருக்கிறது. 1995இல் கித்துல்கலைக் காட்டில் தீபால் வரகாகொட யாருக்கும் தெரியாத ஓர் இரவுக் குரலைக் கேட்டார். பறவையைக் கண்ணால் காண 2001 ஆகிவிட்டது, சிங்கராஜக் காட்டில். 2004இல் அது ஒரு புதிய ஆந்தை இனம் என்று அறிவிக்கப்பட்டது. அதற்கு முன் இலங்கையில் புதிய பறவை இனம் கண்டுபிடிக்கப்பட்டது 1868இல். ஒரு நூற்றாண்டுக்கு மேலாக எல்லோருடைய கண்ணுக்கும் தப்பிய பறவை, ஒருவர் காதைத் தீட்டி வைத்திருந்ததால் அகப்பட்டது.

போனில் குரலைப் பதிவுசெய்யும்போது கையை அசைக்காமல் இரண்டு நிமிடம் ஓடவிடுங்கள், முடிவில் நேரத்தையும் இடத்தையும் உங்கள் வாயாலேயே சொல்லிவிடுங்கள். பதிவைப் போட்டுக் காட்டிப் பறவையை வெளியே இழுப்பதை மட்டும் செய்யாதீர்கள். எதிரி வந்துவிட்டான் என்று நினைத்து அது கூட்டைவிட்டு எழும்பி வரும். அரிய பறவைகளுக்கு இது கொடுமை.

இரண்டு வெள்ளைக்கண்ணிகள்

இப்போது கூர்ப்புக்கு வருவோம். இதற்கு வெளிநாட்டுத் தீவுகளைத் தேடிப் போக வேண்டாம், உங்கள் முருங்கை மரத்தில் இருக்கிற சிட்டளவு பச்சைக் குருவி போதும். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்டதுபோல இருக்கும், அதனால்தான் வெள்ளைக்கண்ணி.

இலங்கையில் இது இரண்டு இனம். ஒன்று இந்தியாவிலும் உள்ளது, மஞ்சள் கலந்த வெளிர்ப்பச்சை. மற்றது இலங்கைக்கே உரியது, மலைநாட்டுக்காரர், சற்றுப் பெரியது, நிறம் அடர்ந்த பச்சை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காதவரை ஒன்றென்றே நினைப்பீர்கள். பாடப்புத்தகம் படித்த மூளை உடனே என்ன சொல்லும்? ஒரே குருவி இங்கே வந்து, மலையேறியது ஒன்றாகவும் கீழே தங்கியது ஒன்றாகவும் பிரிந்தது என்று சொல்லும். அழகான கதை. எனக்கும் அப்படித்தான் சொல்லித்தந்தார்கள், நானும் பிள்ளைகளுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன்.

2017இல் இலங்கை, இந்திய ஆய்வாளர்கள் சேர்ந்து இவற்றின் டி.என்.ஏ.யைப் படித்து வெளியிட்ட கட்டுரை அந்தக் கதையைக் கவிழ்த்தது. இரண்டும் ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவு இல்லை. வெவ்வேறு காலத்தில் தனித்தனியாக இந்தத் தீவுக்கு வந்தவை. அதிலும் மலைநாட்டு வெள்ளைக்கண்ணி, ஆசியா ஆபிரிக்கா முழுதும் பரவிக் கிடக்கிற அந்தப் பெரிய சாதியிலேயே (சாதி என்றால் நெருங்கிய இனங்கள் சேர்ந்த தொகுதி, தமிழகத்தில் பேரினம் என்பார்கள்) மிகப் பழைய கிளைகளில் ஒன்று. மற்றது பிற்பாடு வந்தது. உங்கள் முருங்கையில் தேன் குடிக்கிற அந்தச் சின்ன உருவம் எவ்வளவு பழைய குடி என்று யோசித்துப் பாருங்கள்.

செய்யவேண்டிய வேலை இது. உங்கள் சரிவு 800க்கும் 1500 மீற்றருக்கும் நடுவில் இருந்தால் இரண்டும் சந்திக்கிற இடம் அங்கே எங்கோ இருக்கலாம். ஒவ்வொரு கூட்டத்தையும் பார்த்து எந்த இனம் என்று உறுதியாக எழுதுங்கள். தெரியாவிட்டால் 'தெரியவில்லை' என்றே எழுதுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள். எந்தப் பூ, எந்த உயரத்துக் கிளை, கலந்து திரிகின்றனவா, துரத்துகின்றனவா என்பதையும் சேருங்கள். இரண்டு தூரத்து உறவுகள் ஒரே மரத்தைப் பங்கிடுவது எப்படி என்பது எந்தப் பேராசிரியரும் கேட்க விரும்புகிற கதை.

உருவம் ஏமாற்றும் என்பதற்கு இன்னொன்று. செம்முதுகு மரங்கொத்தி என்று நாம் பொதுவாகச் சொல்வது இலங்கையில் இரண்டு வெவ்வேறு சாதி. ஒன்றின் அலகு கறுப்பு, மற்றதன் அலகு தந்தம்போல வெளுப்பு. தூரத்து உறவுகள், ஆனால் முதுகு இரண்டுக்கும் சிவப்பு. கறுப்பலகு மரங்கொத்திக்கு வடக்கே பொன்முதுகுள்ள நெருங்கிய உறவு ஒன்று உண்டு. இரண்டும் சந்திக்கிற வட மத்தியப் பக்கத்தில் கலந்து, செம்மஞ்சள் முதுகுள்ள குஞ்சுகள் பிறக்கின்றன. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் சம்பத் செனவிரத்னவும் கூட்டாளிகளும் இந்தக் கலப்பு வலயத்தை ஆராய்ந்திருக்கிறார்கள். ஒரு பக்கம், தூரத்து உறவுகள் ஒன்றுபோல் தெரிகின்றன. மறுபக்கம், வேறாகத் தெரிகிற அயல் உறவுகள் இன்னும் கலக்கின்றன. எங்கே ஓர் இனம் முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்று கேட்டால் பேராசிரியர்களே தலையைச் சொறிவார்கள். இலங்கைக்கே உரிய பறவைகள் எத்தனை என்றால் ஒருவர் 33 என்பார், இன்னொருவர் 34 என்பார். பறவை கூடவோ குறையவோ இல்லை, கோடு கீறும் இடம் மாறுகிறது.

கடலுக்கு அந்தப் பக்கத்துச் சொந்தம்

எங்கள் பாட்டன்மார் மன்னாரில் இறங்கி மாத்தளைவரை நடந்து வந்த கதை எல்லா லயத்திலும் உண்டு. பறவைகளுக்கும் அதே வழி இருந்தது. பாக்கு நீரிணை ஆழம் குறைந்த கடல். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீற்றர் அளவு கீழே இருந்தது. இந்தியாவும் இலங்கையும் ஒரே தரை.

அப்படியானால் எல்லாம் கலந்து ஒன்றாகியிருக்க வேண்டுமே? இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் நமது மலையிலும் ஒரே சாதியைச் சேர்ந்த, ஆனால் வேறு இனமான பறவைகள் இருக்கின்றன. நீலகிரியில் ஒரு நீல ஈப்பிடிப்பான், நுவரெலியாவில் மங்கிய நீலத்தில் இன்னொன்று. நீலகிரியில் ஒரு காட்டுப்புறா, இங்கே ஒரு காட்டுப்புறா. குளிர்காட்டுப் பறவைக்கு நடுவில் கிடக்கிற வரண்ட சமவெளியும் ஒரு கடல்தான். தரைப்பாலம் இருந்தும் அது எளிதில் நடந்து வராது. மலை உச்சி ஒரு தீவுபோலத் தனித்து நிற்கிறது, தனித்து நின்றவை காலப்போக்கில் தனி இனமாகின்றன.

நீங்கள் இதில் செய்யக்கூடியது எளிது. உங்கள் சரிவில் காண்கிற ஒவ்வொரு மலைநாட்டு இனத்துக்கும் கொடைக்கானல், ஊட்டிப் பக்கத்தில் சொந்தம் யார் என்று தேடி, இரண்டு பத்தியாக எழுதுங்கள். இரண்டின் குரலையும் சீனோ-கான்டோ தளத்தில் இலவசமாகக் கேட்கலாம். எது எவ்வளவு மாறியிருக்கிறது என்று கேட்டுக் கேட்டுப் பழகினால், கூர்ப்பு என்பது பரீட்சை வினாவாக இருக்காது.

பெயர் தேடும்போது ஒன்று கண்ணில் படும். நமது காட்டுப்புறாவின் விஞ்ஞானப் பெயர் ஒரு தேசாதிபதியின் மனைவி டொரிங்டன் சீமாட்டியின் பெயரில். ஓடையோரத்துச் சீழ்க்கைப் பறவையின் பெயர் சாமுவேல் பிளை என்ற கோப்பித் துரையின் பெயரில். துரைமாரும் சீமாட்டிமாரும் பறவைப் பெயரில் உட்கார்ந்துவிட்டார்கள். கோப்பிக் கூடை சுமந்தவர் ஒருவரையும் காணோம். எனக்கு இதில் கோபமெல்லாம் இல்லை, ஆனால் கவனித்து வைத்திருக்கிறேன்.

அந்தச் சீழ்க்கைப் பறவைதான் 1868இல் கண்டுபிடிக்கப்பட்டது என்று முன்னே சொன்னது. ஹோர்ட்டன் சமவெளியில் அரெங்கா குளம் என்ற சிறு நீர்நிலை அதன் பழைய சாதிப்பெயரால் அழைக்கப்படுகிறது. அழியும் ஆபத்தில் உள்ள, மிகவும் கூச்சமுள்ள பறவை. விடியற்காலையிலோ அந்தியிலோ ஓடையோரத்தில் கீச்சென்று ஒரு சீழ்க்கை கேட்கும், அவ்வளவுதான். கேட்டால் நின்ற இடத்திலேயே நில்லுங்கள்.

விருந்தாளிகள்

ஒக்டோபர் வாக்கில் வந்து ஏப்ரலில் போகிறவர்களை மறக்காதீர்கள். ஆறுமணிக்குருவி அவர்களில் ஒருவர். நுவரெலியா விக்டோரியாப் பூங்காவில் ஓடுகிற அழுக்கு வாய்க்கால் ஓரத்தில், குப்பைக்கு நடுவே, இமயமலையிலிருந்து வந்த கறுப்பு வெள்ளைப் பூங்குருவியைப் பார்க்க வெளிநாட்டவர்கள் கெமராவோடு குந்தியிருப்பார்கள். கஷ்மீரில் குஞ்சு பொரிக்கிற ஒரு செந்நெஞ்சு ஈப்பிடிப்பானும் குளிர்காலத்துக்கு நமது மலைக்கு வருகிறது.

இவை ஏன் இங்கே தனி இனமாகவில்லை என்று பிள்ளைகளிடம் கேட்பேன். யோசித்தால் பிடிபடும். அவை சோடி சேர்வது வடக்கே, எல்லாம் ஒரே இடத்துக்குத் திரும்பிப் போகின்றன. இங்கே ஆறு மாதம் இருந்தாலும் பரம்பரையலகு (தமிழகத்தில் மரபணு) அங்கேதான் கலக்கிறது. போகாமல் தங்கிவிட்ட குடிகள்தான் பிரிகின்றன. கொப்பியில் ஒவ்வொரு விருந்தாளியின் முதல் நாளையும் கடைசி நாளையும் தனிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். ஐந்து வருடம் சேர்ந்தால் அது பொன்.

சட்டமும் மரியாதையும்

பார்ப்பதற்கும் எண்ணுவதற்கும் யாரிடமும் அனுமதி வேண்டாம், இடம் பொது இடமாக இருந்தால். தோட்டத்துக்குள் என்றால் அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். ஒரு தோட்டத்தில் பங்களாவுக்கு மேலே தொலைநோக்கியோடு நின்ற என்னை வாச்சர் பிடித்துக்கொண்டு, "என்னா தம்பி, தொரை வூட்ட வேவு பாக்கிறியா?" என்று கேட்டார். கொப்பியைக் காட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "இந்த நீலக் குருவி அந்தக் கான் ஓரத்துல கூடு வச்சிருக்கு, வா காட்டுறேன்" என்று கூட்டிப்போனார். அப்புறம் இரண்டு வருடம் அவர்தான் எனக்குக் களத் துணை.

பிடிப்பது வேறு விஷயம். மெல்லிய நைலோன் வலை கட்டிப் பிடித்து, காலில் வளையம் மாட்டி, இரத்தத் துளி எடுத்து டி.என்.ஏ. பார்க்கிறார்களே, அதெல்லாம் வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியோடு, பயிற்சி பெற்றவர்கள் செய்வது. 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அதற்காகவே இருக்கிறது. கூடு, முட்டை, குஞ்சு எதையும் தொடாதீர்கள். கூட்டின் படத்தை இடத்தோடு பொதுவில் போடவும் வேண்டாம்.

எண்ணியதை ஈபேர்ட் (eBird) என்ற பறவைப் பதிவுத் தளத்தில் ஏற்றினால் உலகத்தின் எந்த ஆய்வாளரும் பயன்படுத்தலாம். முழுப் பட்டியலாக, நின்ற நேரத்தோடு ஏற்றுங்கள்.

கெம்பஸ் வழி

உயர்தரத்தில் உயிரியல் பிரிவு, பிறகு உயிரியல் விஞ்ஞானப் பட்டம். அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டப் பங்குக்கு, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் உண்டு என்பதைப் பல பெற்றோர் அறியவில்லை. போன பிறகு விரிவுரை ஆங்கிலத்தில் இருக்கும். அதற்கு இப்போதிருந்தே பறவைக் கட்டுரைகளை ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக வாசித்துப் பழகுங்கள், அகராதி பக்கத்தில் இருக்கட்டும். மூன்று வருடத்தோடு நிறுத்தாமல் நாலு வருட விசேடப் பட்டத்துக்குப் போங்கள், கடைசி வருடத்தில் சொந்தமாக ஓர் ஆய்வு செய்யக் கிடைக்கும். பேராதனையில் பட்டப்பின் விஞ்ஞான நிறுவகம் இருக்கிறது, மேற்படிப்புக்கு மலையைவிட்டுத் தூரம் போகவும் வேண்டியதில்லை. 1976இல் தொடங்கிய இலங்கைக் களப் பறவையியல் குழு கொழும்புப் பல்கலைக்கழகத்திலிருந்து இயங்குகிறது. மாணவர்களும் சேரலாம்.

கணிதத்தைக் கைவிடாதீர்கள், குறிப்பாகப் புள்ளிவிபரவியல். பறவை ஆய்வின் பெரும்பகுதி கணினி முன்னால்தான் நடக்கிறது. இதை முதலிலேயே சொன்னால் பிள்ளைகள் ஓடிவிடுவார்கள் என்று கடைசிக்கு வைத்தேன்.

விரிவுரையாளர் ஒருவரைச் சந்திக்க வாய்ப்புக் கிடைத்தால் சான்றிதழ்களுக்கு மேலே கொப்பியை வையுங்கள். "எனக்குப் பறவை பிடிக்கும்" என்று தொடங்காதீர்கள். "எங்கள் சரிவில் 1300 மீற்றருக்கு மேலே இது இருக்கிறது, கீழே இல்லை, பதினெட்டுத் தடவை பார்த்தேன்" என்று தொடங்குங்கள்.

அந்த மாணவி இப்போது எட்டாவது மாதமாக எண்ணுகிறாள். போன வாரம் போன் பண்ணினாள். ஐந்தாம் இடத்தில் மஞ்சள் காதுக் கொண்டைக்குருவி நாலு, நாலாம் இடத்தில் ஒன்று. மூன்றாம் இடத்தில் இன்னும் இல்லை.